தப்பு செய்யாதவனுக்கு வக்கீல் எதற்கு?

அன்புள்ள ஐயா,

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். போன மாதம் என் தம்பியைப் போலீசார் பிடித்துச் சென்றார்கள். நண்பனிடம் இரவல் வாங்கி ஓட்டிய மோட்டார் சைக்கிள் திருட்டு வண்டியாம். வழக்கறிஞர் வைக்கலாம் என்று மன்றாடினேன். "தப்பு செய்யாதவனுக்கு வக்கீல் எதற்கு? வைத்தால் நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்" என்று அப்பா மறுத்துவிட்டார். ஆறு நாள் கழித்துப் போலீஸ் ஜாமீனில் விட்டார்கள். "பார்த்தாயா?" என்கிறார் அப்பா. தம்பி யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. நான் கேட்டது தவறா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டது தவறே இல்லை. உங்கள் அப்பா சொன்ன அதே வார்த்தைகளைப் பல ஆண்டுகளாகப் பினாங்கு நீதிமன்ற வாசல்களில் கேட்டு வருகிறேன். சொல்பவர்கள் பெரும்பாலும் நேர்மையாக வாழ்ந்தவர்கள். அதனால்தான் மனம் கிடந்து தவிக்கிறது. போலீஸ் நிலையம் பழகிப்போனவனின் வீட்டார் முதல் நாளே வக்கீலைத் தேடி வந்துவிடுகிறார்கள்.

அந்த ஆறு நாளைப் பாருங்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். 14 ஆண்டுக்கும் குறைவான சிறைத்தண்டனைக்குரிய குற்றமானால், மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு முதலில் 4 நாள் வரையும், பிறகு 3 நாள் வரையும் அனுமதிக்கிறது. 'வரை' என்றுதான் இருக்கிறது. மாஜிஸ்திரேட் ஒரே ஒரு நாள் மட்டும் கொடுக்கலாம், மறுக்கவும் செய்யலாம். கைதானவரோ அவருடைய வழக்கறிஞரோ பேசவும் அதே பிரிவு இடம் தருகிறது.

காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் முன் கொண்டுவரும் அந்தக் காலை நேரத்தை உங்கள் அப்பா பார்த்ததில்லை. லாக்கப் சட்டையில், கைவிலங்கோடு, பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தூக்கமில்லாத கண்கள். பெயரைக் கூப்பிட்டதும் ஒருவன் எழுந்து நிற்பான். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மாஜிஸ்திரேட் மலாயில் கேட்பார். "தாக் அடா" என்பான், ஒன்றுமில்லை என்று. அவ்வளவுதான், நாலு நாள் போய்விடும். சொல்ல அவனிடம் எவ்வளவோ இருக்கும். எதை, எப்படிச் சொல்வது என்றுதான் தெரியாது. பக்கத்தில் வழக்கறிஞர் நின்றிருந்தால், "வண்டி உங்களிடம் இருக்கிறது, கைப்பேசி உங்களிடம் இருக்கிறது, வீட்டு முகவரியும் தெரியும், இவனை எதற்காக உள்ளே வைக்க வேண்டும்?" என்று கேட்டிருப்பார். நீட்டிப்புக் கேட்ட அன்று, முதல் நாலு நாளில் என்ன விசாரித்தீர்கள் என்று கேட்டிருப்பார். ஆறு நாள் இரண்டாகியிருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கேட்க ஓர் ஆள் இருந்திருப்பார்.

ஒத்துக்கொண்ட மாதிரி ஆகுமா? கைதான எவரும் தமக்குப் பிடித்த வழக்கறிஞரைக் கலந்து பேசலாம் என்று நம் அரசியலமைப்பின் 5(3)-ஆம் பிரிவு சொல்கிறது. தப்பு செய்தவன், செய்யாதவன் என்று அது பிரிக்கவில்லை. பணக் கவலை என்றால், தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் 2012 முதல் மலேசியக் குடிமக்களுக்காகத் மாஜிஸ்திரேட் முன் நடக்கும் இந்தத் தடுப்புக் காவல் விசாரணையில் இலவசமாகவே ஆஜராகிறார்கள். இது தெரியாமல் தாலியை அடகு வைத்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். போலீஸ் ஜாமீன் என்றால் வழக்கு முடிந்துவிட்டது என்று பொருளல்ல; இனியும் குற்றம் சாட்டலாம். தம்பியைக் குடைந்து கேட்காதீர்கள். சாப்பிடட்டும், தூங்கட்டும். தெளிந்ததும், வண்டியை எந்த நாளில், எங்கே, யார் முன்னிலையில் வாங்கினான் என்று அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். "எடுத்துக்கொண்டு போ" என்று அந்த நண்பன் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தால், அது பெரிய சாட்சியம். போலீசில் எதிலாவது கையெழுத்துப் போட்டானா, எந்த இடத்தையாவது காட்டினானா என்பதை வழக்கறிஞரிடம் மட்டும் சொல்லட்டும். உங்களிடம்கூட வேண்டாம்.

ஜாமீன் தாளில் அடுத்து வர வேண்டிய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்துவிடுங்கள். அப்பாவையும் கூட்டிச் செல்லுங்கள். உங்களிடம் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்கட்டும்.