எட்டோஷாவில் செப்டம்பர்: எந்தக் குட்டையில், எத்தனை மணிக்கு?

கேள்வி: வரும் செப்டம்பரில் கோவையிலிருந்து நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள் மூவரும் நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். ஐந்து இரவுகள். வாடகைக் காரை நானே ஓட்டுவேன். "அப்போது எல்லாம் காய்ந்து கிடக்கும், ஜனவரியில் போ" என்கிறார் நண்பர். இதற்கு முன் வேறொரு நாட்டில் சஃபாரி போனபோது நாள் முழுக்க அலைந்தும் தூசிதான் மிஞ்சியது. இந்த முறை எப்படித் திட்டமிடுவது?

பதில்: நண்பர் சொன்னதில் பாதி உண்மை. செப்டம்பர் எட்டோஷா கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்காது. மரங்கள் இலை உதிர்ந்து நிற்கும், புல் வெளுத்திருக்கும், தரையெல்லாம் சுண்ணாம்புப் பொடி. ஆனால் விலங்கு பார்க்க அதுதான் வசதி. மழைக்காலத்தில் எங்கு பார்த்தாலும் தண்ணீர் தேங்கியிருக்கும். 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த காட்டில் விலங்குகள் இஷ்டம்போல் சிதறிவிடும். மழை நின்றபின் அந்தத் தேங்கல்கள் ஒவ்வொன்றாக வற்றி, செப்டம்பரில் ஊற்றுகளும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பும் குட்டைகளும்தான் மிஞ்சும். தாகம் எடுத்தால் அங்கே வந்தாக வேண்டும். பச்சைப் புல்லில் துள்ளும் மான் குட்டிகளும், உப்புப் படுகையில் நீர் நின்றால் இறங்கும் பூநாரைகளும்தான் ஆசை என்றால் மட்டும் நண்பர் பேச்சைக் கேளுங்கள்.

சென்ற முறை நீங்கள் அலைந்ததுதான் தப்பு. வறண்ட மாதத்தில் ஒரு நாளைக்கு இரண்டு குட்டை, மிஞ்சிப்போனால் மூன்று போதும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரமாவது உட்காருங்கள். முதல் அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காது. பலர் அப்போதுதான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவார்கள்.

யார் எப்போது வருவார்கள் என்பது ஓரளவு கணக்காகவே நடக்கும். பூங்காவுக்குள் நீங்கள் தங்கும் முகாம்களின் கதவுகள் சூரிய உதயத்தில் திறக்கும். முதல் காராக வெளியேறப் பாருங்கள். ஒகாகுயேஜோ முகாமில் தங்கினால் வடக்கே ஒகொண்டேகா ஊற்றுப் பக்கம் போகலாம். இரவு வேட்டை முடித்த சிங்கங்கள் நிழலுக்கு ஒதுங்குமுன் கண்ணில் பட நல்ல வாய்ப்பு உண்டு. வெயில் கொஞ்சம் ஏறியதும் கல்கௌதாரிகள் கூட்டம் கூட்டமாகத் தண்ணீரில் இறங்கும். உங்கள் மகளுக்கு ஆண் பறவையைக் காட்டுங்கள். அது வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்து, பஞ்சு போல ஈரத்தை உறிஞ்சி, பல கிலோமீட்டர் தள்ளிக் கூட்டில் இருக்கும் குஞ்சுகளுக்குக் கொண்டுபோகும். அவை அந்த இறகுகளிலிருந்தே குடிக்கும்.

அப்புறம் வரிக்குதிரைகள். தண்ணீர் இல்லாமல் அவற்றால் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. ஆனாலும் நேராக வந்து குடித்துவிடாது. வரிசையாக வந்து, கொஞ்ச தூரத்தில் நின்று, மோந்து பார்த்து, இரண்டு அடி வைத்து, திடீரென மொத்தமாகத் திரும்பி ஓடும். மறுபடி வரும். இந்தத் தயக்கத்தைப் பார்க்கப் பழகுங்கள். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பி அசையாமல் நின்றால், உங்கள் பைனாகுலரும் அந்தப் புதருக்குத்தான் போக வேண்டும். சிங்கத்தை நான் கண்டுபிடித்ததைவிட வரிக்குதிரை காட்டிக்கொடுத்ததே அதிகம்.

உச்சி வெயிலில் அறைக்குத் திரும்பிவிடாதீர்கள். யானைக் கூட்டம் பெரும்பாலும் அந்த நேரத்திலும் பிற்பகலிலும்தான் வரும். தண்ணீர் வாசம் பட்டதும் கடைசித் தூரத்தை ஓடியே கடக்கும். வெண்களிமண் பூசிக்கொண்டு சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அவை குடித்து முடிக்கும்வரை மற்றவை ஒதுங்கி நிற்கும். ஓரிக்ஸ் மான் வேறு ரகம், செடிகளின் ஈரத்திலேயே பல நாள் ஓட்டிவிடும். அதை வெட்டவெளியில் எங்கும் பார்க்கலாம். குட்டியூண்டு டிக்-டிக் மானுக்கும் குட்டை தேவையில்லை, நமுட்டோனி முகாமைச் சுற்றியுள்ள புதர்ப் பாதைகளில் தேடுங்கள்.

இரவுதான் எட்டோஷாவின் விசேஷம். ஒகாகுயேஜோ முகாமின் வேலியை ஒட்டி, விளக்கு போட்ட குட்டை ஒன்று இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கூட்டம் கலைந்தபிறகும் ஸ்வெட்டரோடு போய் உட்காருங்கள். அருகிப்போன கருப்புக் காண்டாமிருகத்தைக் காட்டில் இவ்வளவு நிம்மதியாகப் பார்க்கக்கூடிய இடங்கள் மிகச் சில. பகலில் தனியாகத் திரியும் சிடுமூஞ்சிகள் இங்கே சில நாள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து மூக்கோடு மூக்கு வைத்து நிற்கும். ஃபிளாஷ் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.

ஐந்து இரவை ஒகாகுயேஜோவில் இரண்டு, ஹலாலியில் இரண்டு, நமுட்டோனியில் ஒன்று என்று பிரிப்பேன். ஒரு முகாமிலிருந்து அடுத்ததற்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ஹலாலியிலும் பாறைமேல் உட்கார்ந்து பார்க்கும் விளக்குக் குட்டை உண்டு. மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: எட்டோஷாவில் நீர்யானை, முதலை, காட்டெருமை மூன்றும் கிடையாது.

நமீபியாவிலும் நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து பூங்கா வாசல்வரை தார்ச்சாலை, நான்கைந்து மணி நேரம். இருட்டியபின் அந்தச் சாலையில் ஓட்டாதீர்கள், குடு மான் குறுக்கே பாயும். பூங்காவுக்குள் சரளைப் பாதை. சாதாரண கார் போதும், வேகம் 60-ஐத் தாண்டக்கூடாது. வேலி போட்ட கழிப்பிடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கக்கூடாது. 2025 செப்டம்பரில் பெரிய காட்டுத்தீ வந்தது; அதனால் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று முகாமில் தினமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆளுக்கொரு பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள், 8x42 நல்ல அளவு. கேமராவுக்கு முக்காலி காருக்குள் உதவாது. ஒரு மஞ்சப்பையைக் கொண்டுபோய், அங்கே கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் படம் ஆடாது. தூசியில் லென்ஸ் மாற்றாதீர்கள். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டுமா என்று இப்போதே விசாரியுங்கள். ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும்.

அறை பதிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இந்தப் பருவத்தில் பல மாதம் முன்பே நிறைந்துவிடும். ஒகாகுயேஜோவில் குட்டையைப் பார்த்த அறைகளுக்கு விலை கூடுதல். பின்வரிசை அறையே போதும். குட்டை முன்னால் இருக்கும் பெஞ்சு முகாமில் தங்கும் எல்லோருக்கும் பொது.