மாவு மில் மோட்டாரில் அரிவாள் அமுக்க முடியுமா?

கேள்வி: அண்ணே, தேவகோட்டை பக்கம் எங்களுக்குக் கொல்லுப்பட்டறை. அப்பா காலத்திலிருந்து லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள், மண்வெட்டி அடிக்கிறோம். கருப்பர் கோயில் நேர்த்திக்கடன் அரிவாளும் செய்வோம். இப்போது சம்மட்டி போட ஆள் கிடைப்பதில்லை. எண்ணெய் அழுத்தத்தில் இரும்பை அமுக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸை நாங்களே செய்துகொள்ளலாம் என்று பழைய இரும்புக் கடையில் 125 மில்லிமீட்டர் போர் (உள்விட்டம்) சிலிண்டர் வாங்கிவிட்டேன். மாமா மூடிவிட்ட மாவு மில்லின் 5 ஹெச்பி த்ரீ பேஸ் மோட்டார் சும்மா கிடக்கிறது. 25 டன் வேண்டுமென்றால் 10 ஹெச்பி இல்லாமல் நடக்காது என்கிறார் எங்கள் வெல்டர். கிணற்றில் கழற்றிய சப்மெர்சிபிள் மோட்டாரும் வீட்டில் இருக்கிறது. எதைப் போடுவது?

பதில்: தம்பி, சப்மெர்சிபிளை முதலில் ஓரம் கட்டுங்கள். அது சுற்றிலும் நிற்கிற தண்ணீரில் சூட்டைக் கழித்துக்கொண்டு ஓடுவது, வெளியே எடுத்து உலைப் பக்கத்தில் ஓட்டினால் சீக்கிரமே காயில் வெந்துவிடும்.

வெல்டர் சொன்னதில் பாதிதான் சரி. டன்னுக்கும் ஹெச்பிக்கும் நேரடியாகச் சம்பந்தம் கிடையாது. கை ஜாக்கியில் மோட்டாரே இல்லை, ஆனாலும் லாரியைத் தூக்குகிறதே. சிலிண்டரின் பரப்பும் எண்ணெயின் பிரஷரும் சேர்ந்துதான் டன். உங்கள் 125 மில்லி போருக்குப் பரப்பு கிட்டத்தட்ட 123 சதுர சென்டிமீட்டர், 200 பார் (பார் என்பது பிரஷர் அளவு) கொடுத்தால் 25 டன் வந்துவிடும், அதை 2 ஹெச்பி மோட்டாரும் கொடுக்கும். ஆனால் ராம், அதாவது சிலிண்டரிலிருந்து வெளியே வந்து அமுக்குகிற தண்டு, நத்தை மாதிரி இறங்கும். மோட்டார் பெரிதாவது அந்த வேகத்துக்காகத்தான்.

வேகம் எதற்கு என்றால், சம்மட்டி பட்டையைத் தொட்ட வேகத்தில் எழும்பிவிடும், பிரஸ் அப்படியில்லை, மேலும் கீழும் குளிர்ந்த டை (பட்டையை அமுக்குகிற இரும்புக் கட்டை) கவ்விக்கொண்டு நின்று சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நல்ல ஆரஞ்சு நிறத்தில் குறடால் எடுத்து வைத்த பட்டை, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டை பட்ட இடத்தில் மட்டும் கறுத்துக் கோடு விழுவதைக் காணலாம். அந்தக் கோடு விழுந்த பிறகு 25 டன் என்ன, 40 டன் போட்டாலும் இரும்பு அசைய மறுக்கும். பாரம் ஏறின பிறகும் ராம் நொடிக்கு 20 மில்லி இறங்கினால்தான் எனக்குத் திருப்தி.

சரி, கணக்கு. பிரஷரை பாரில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதோடு பெருக்கி, 600ஆல் வகுத்தால் கிலோவாட். பம்பில் வீணாவது ஒரு 15 சதவீதம். 5 ஹெச்பி என்பது 3.7 கிலோவாட், அதில் 200 பாரில் நிமிடத்துக்குச் சுமார் 9 லிட்டர் கிடைக்கும். உங்கள் 125 சிலிண்டரில் அது நொடிக்கு 12, 13 மில்லிதான். 10 ஹெச்பி போட்டால் 26 மில்லி வரும், வெல்டர் மனதில் இருந்தது இதுவாக இருக்கலாம். அதே 5 ஹெச்பியை 100 மில்லி சிலிண்டரில் கோத்துப் பாருங்கள்: 16 டன், நொடிக்கு 20 மில்லி. அரிவாள் பட்டைக்கு 16 டன் போதும், டை மட்டும் அகலம் குறைவாக, 20 மில்லி போல இருக்கட்டும். அகல டை வைத்துக்கொண்டு டன் போதவில்லை என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அதனால் என் யோசனை, மோட்டார் இருக்கட்டும், சிலிண்டரை மாற்றுங்கள். இரும்புக் கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். 125தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் 7.5 ஹெச்பிக்குப் போங்கள், 10 தேவையில்லை. பெண் பார்க்கும் முன்பே பத்திரிகை அடித்த கதையாக சிலிண்டரை முதலில் வாங்கிவிட்டீர்கள், அதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். இன்னொன்று, ஹை-லோ என்கிற டூ ஸ்டேஜ் பம்ப் கிடைத்தால் விடாதீர்கள். பட்டையைத் தொடும்வரை நிறைய எண்ணெயைத் தள்ளி ராமை வேகமாக இறக்கும், பாரம் ஏறியதும் சின்ன பம்ப் மட்டும் வேலை செய்யும், மோட்டார் திணறாது.

சாதாரண கியர் பம்ப் என்றால் மாவு மில் மோட்டாரின் பெயர்த்தகட்டைப் பாருங்கள். 1440 ஆர்பிஎம் என்றிருந்தால் ஒரு சுற்றுக்கு 6 முதல் 6.5 சிசி பம்ப் பொருந்தும். பெல்ட் வேண்டாம், மோட்டாரையும் பம்பையும் ஒரே நேராகப் பிடிக்கிற பெல் ஹவுசிங் வைத்து, இரண்டு ஷாஃப்டையும் இணைக்கிற நேரடிக் கப்ளிங் போடுங்கள். லீவரை விட்டதும் எண்ணெய் சும்மா டாங்குக்குத் திரும்புகிற ஓப்பன் சென்டர் வால்வு அவசியம், இல்லையென்றால் மோட்டார் ஒவ்வொரு தடவையும் பாரத்தோடு ஸ்டார்ட் ஆகும். பிரஷர் அளவு மீறினால் எண்ணெயைத் திறந்துவிடுகிற ரிலீஃப் வால்வு இல்லாமல் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காதீர்கள். ஹோஸ் பைப்புகள் உலைக்கு எதிர்ப்பக்கமாகப் போகட்டும், நடுவில் ஒரு தகடு மறைப்பு. ஊசித் துளையில் சீறுகிற எண்ணெய் உலையில் பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். எங்கே ஒழுகுகிறது என்று கையை வைத்துத் தடவிப் பார்ப்பதும் கூடாது, அந்தச் சீற்றம் தோலுக்குள்ளேயே இறங்கும்.

அப்புறம் கரண்ட். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், கிணற்று மோட்டாரின் இலவச மின்சாரத்திலிருந்து வயர் இழுக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அது விவசாயத்துக்கு மட்டும் கொடுத்தது. பட்டறைக்குத் தனியாக த்ரீ பேஸ் கனெக்‌ஷனுக்கு எழுதிக்கொடுங்கள்.

கேள்வி: பழைய மோட்டார் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: டெர்மினல் பெட்டியைத் திறந்து மூக்கை வையுங்கள். கருகிய வார்னிஷ் வாடை வந்தால் விலை பேசவே வேண்டாம். ஷாஃப்டைக் கையால் சுற்றி, ஸ்க்ரூ டிரைவரை பேரிங் பக்கம் ஊன்றிக் காதை வைத்தால் கரகரப்பு தெரிந்துவிடும். இன்சுலேஷனைச் சோதிக்கிற மெகர் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஈரம் அல்லது இன்சுலேஷன் போயிருக்கிறது. ரீவைண்டிங் செய்ததா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

வாங்கிய பிறகு, பம்பை மாட்டுவதற்கு முன்னால் வெறும் மோட்டாரை ஒரு நொடி தட்டிவிட்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். நான் ஒரு தடவை பார்க்காமல் விட்டேன். பேஸ் மாறி, பம்ப் தலைகீழாக அரை நிமிடம் ஓடியது, ஆயில் சீல் பிதுங்கி வெளியே வந்து, புதிதாக ஊற்றிய எண்ணெய் கப்ளிங் வழியாக வேட்டி முழுக்கத் தெளித்தது. இரண்டு பேஸ் வயரை மாற்றிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும்.