முதலில் நாயைத் தேடச் சொல்லுங்கள்

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. சாஸ்திரிய இசையையும் இயற்கைக் காட்சி ஓவியங்களையும் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வாரம் ஒரு பீரியட் கிடைத்திருக்கிறது. இசையமைப்பாளரின் வாழ்க்கை, வாத்தியங்களின் பெயர் எல்லாம் சொல்லிவிட்டு, ஓவியத்தைத் திரையில் காட்டி, பின்னணியில் இசையை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்திலேயே ஒருவரையொருவர் கிள்ள ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வயதுக்கு இதெல்லாம் சீக்கிரமா? மேற்கத்திய இசையில் தொடங்குவதா, கர்னாடக இசையிலா?

பதில்: சீக்கிரமெல்லாம் இல்லை டீச்சர், வரிசைதான் தலைகீழாகிவிட்டது. ஒருவர் போட்ட இசையில் ஒரு வரிகூடக் கேட்காத பிள்ளைக்கு அவர் எந்த வருடம் எந்த ஊரில் பிறந்தார் என்பதில் என்ன அக்கறை இருக்கும்? ஓவியத்தையும் இசையையும் சேர்த்து ஓடவிட்டதும் வேண்டாத வேலை. கண் மும்முரமாக இருக்கும்போது காது தூங்கிவிடும். ஒரு வாரம் இசை, ஒரு வாரம் ஓவியம் என்று பிரித்துவிடுங்கள்.

இசைக்கு இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 'நான்கு பருவங்கள்' நல்ல தொடக்கம். 1725இல் அச்சான படைப்பு. அதில் 'வசந்தம்' பகுதியின் நடுவில் வரும் மெதுவான துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று நிமிடம் வந்தால் அதிகம். எதையும் விளக்காமல், "இதில் ஒரு நாய் குரைக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். மேலே ஒற்றை வயலின் நிதானமாகப் பாடிக்கொண்டிருக்க, அடியில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரலும் தாழ்ந்தது) திரும்பத் திரும்ப இரண்டு தட்டுத் தட்டும். அதுதான் நாய், விவால்டியே இசைத்தாளில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாவது தடவை போடும்போது அங்கே தூங்குவது யார் என்று கேளுங்கள் (ஆடு மேய்ப்பவன், அந்த ஒற்றை வயலின்). மூன்றாவது தடவை இலைகள் சலசலப்பதைத் தேடட்டும், அது மற்ற வயலின்கள். ஒரே துண்டை மூன்று முறை போட்டும் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் தேடுவது வேறு. ஒன்று மட்டும், செல்போன் ஸ்பீக்கரில் போடாதீர்கள், கீழ் ஸ்வரங்களை அது விழுங்கிவிடும். அப்புறம் நாய் எங்கே குரைப்பது!

இவ்வளவும் ஆன பிறகு யாராவது ஒரு பிள்ளை "இதை யார் போட்டது?" என்று கேட்கும். அப்போது சொல்லுங்கள்: வெனிஸில் ஒரு பாதிரியார், ஆதரவற்ற பெண்பிள்ளைகள் வளர்ந்த இல்லத்தில் வயலின் சொல்லிக்கொடுத்தவர், முடி செம்பட்டையாக இருந்ததால் 'சிவப்புப் பாதிரியார்' என்றே பெயர். இவ்வளவு போதும்.

கர்னாடக இசையா என்றால், தாராளமாக. எதில் தொடங்கினாலும் பிள்ளைக்கு ஒரு வேலை இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. ஆதி தாளத்தை எட்டு எண்ணிக்கையில் கையில் போடக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பாட்டைப் போடுங்கள், கோட்டை விட்டவர்கள் அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளட்டும். கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும் இடம் இன்னும் நல்லது: மிருதங்கத்துக்கு இடது கை, கடத்துக்கு வலது கை தூக்கச் சொல்லுங்கள். குறைப்பு வந்து, அதாவது ஒவ்வொருவரும் வாசிக்கும் முறை சின்னதாகச் சின்னதாக, கைகள் குழம்பி வகுப்பே சிரிக்கும். சிரிக்கட்டும், அந்த நேரத்தில் காது எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று பாருங்கள்.

ஓவியத்துக்கும் இதே வழிதான். பிளெமிஷ் ஓவியர் புரூகல் 1565இல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்' படத்தை வைத்துக்கொண்டு, "இத்தனை பேர், இத்தனை நாய்கள், வேட்டையில் என்ன கிடைத்தது?" என்று கேளுங்கள். ஒருவன் தோளில் தொங்கும் ஒற்றை நரிதான் மிச்சம் என்று கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும். அதற்குள் விடுதிப் பலகை ஒரு கொக்கி கழன்று கோணலாகத் தொங்குவதை, தூரத்தில் உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடுகிறவர்களை எல்லாம் அவர்களே பார்த்துச் சொல்லியிருப்பார்கள். வெளிச்சமான அறையில் புரொஜெக்டர் படம் வெளுத்துப்போகும், அதனால் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள், அந்த வாரம் முழுக்க அங்கேயே இருக்கட்டும். "அழகா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "ஆமாம் டீச்சர்" என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்கள் பாவம்.

அடுத்த வாரம் அவர்களே வரையட்டும், ஆனால் மலை, சூரியன், இரண்டு தென்னை என்ற அந்தப் பழைய படம் வேண்டாம். இங்கிலாந்து ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 1822இல் வெறும் வானத்தையும் மேகத்தையும் மட்டும் நிறைய வரைந்தார், சிலவற்றின் பின்னால் தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம் என்றும் குறித்து வைத்தார். ஜன்னல் ஓரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து அதையே செய்யச் சொல்லுங்கள். மேகம் நகர்ந்துகொண்டே இருப்பதால் "முடியல டீச்சர், ஓடுது" என்று புகார் வரும், வரட்டும்.

மதிப்பெண் போடாதீர்கள். ஏதாவது ஒரு பிள்ளை "போர் அடிக்குது" என்றால் கோபப்படாமல், எந்த இடத்தில் போரடித்தது என்று விசாரியுங்கள்.