நாக்கு நரம்புக்குக் கருவி வைப்பது இருக்கட்டும், முதலில் வண்டிச் சாவி

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் (ஸ்லீப் ஆப்னியா) உங்கள் கணவருக்கு, நாக்கு நரம்பைத் தூண்டும் கருவி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் கேள்விகள் நிறைய. அந்தக் கருவியிலிருந்து மின்சாரம் மூளைக்கு ஏறுமா, நாக்கு முடங்குமா, இடி இடித்தால் ஷாக் அடிக்குமா. எல்லாம் இணையத்தில் பார்த்தது. பத்தோடு பதினொன்றாகக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "போன வாரம் சிக்னலில் நின்றபோது என் கணவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்துவிட்டார். பின்னால் ஹாரன் அடித்துத்தான் விழித்தார்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதுதான்.

இன்றிலிருந்து அவர் வண்டி ஓட்டக் கூடாது. சிகிச்சை பலித்து, பகல் தூக்கம் போய்விட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை சாவி உங்களிடம் இருக்கட்டும். முகம் கழுவிவிட்டு ஓட்டுகிறேன், ஏசியைக் கூட்டி வைக்கிறேன் என்பார். கேட்காதீர்கள்.

இரவில் குறட்டை சட்டென்று நிற்கும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருபதுவரை எண்ணுகிறீர்கள். ஒருநாள் அந்த மூச்சு திரும்பாமலே போய்விடுமோ என்பதுதான் உங்கள் உண்மையான பயம், இல்லையா? தொண்டை அடைத்து ஆக்ஸிஜன் இறங்கியதும் மூளையே அவரை உசுப்பிவிடுகிறது. அந்தக் கனைப்பும் திணறலும் அதனால்தான். அப்படியே மூச்சு நின்று போவது அரிது. ஆனால் இப்படி இரவெல்லாம் உசுப்பப்படுவதால் இரத்த அழுத்தம் ஏறும், இதயம் களைக்கும்.

இந்த லட்சணத்தில் நண்பர் கொடுத்த தூக்க மாத்திரை வேறு! எழுப்பிவிட வேண்டிய மூளையையே மழுங்கடித்துவிட்டு, தொண்டைத் தசையையும் தளர்த்தினால் என்ன ஆகும்? ஓரிரு நாள்தான் போட்டார் என்றால் இன்றே நிறுத்துங்கள். மாதக்கணக்கில் போடுகிறார் என்றால் திடீரென நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இரவில் மது இருந்தால் அதுவும் கூடாது.

சரி, கருவிக்கு வருவோம். அது இதய பேஸ்மேக்கர் மாதிரி. காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைப்பார்கள். ஒரு கம்பி நாக்கை அசைக்கும் நரம்புக்குப் போகும். தூங்கப் போகும்போது ரிமோட்டில் போட்டுக்கொண்டால், நாக்கை லேசாக முன்னே தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கும். மூளைக்கு ஒன்றும் ஏறாது. நாக்கில் கொஞ்சம் உறுத்தல் வரலாம், பெரும்பாலும் அளவை மாற்றினால் சரியாகிவிடும். இடியை மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் 2014இல் அனுமதி கிடைத்த சிகிச்சை இது. அந்த ஆண்டு வெளியான ஆய்வில் 126 பேருக்கு வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 29 தடவை போல இருந்த மூச்சடைப்பு ஓராண்டில் 9 ஆக இறங்கியது.

ஆனால் கேட்டவருக்கெல்லாம் வைப்பதில்லை. மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவி ஒத்துவராதவர்களுக்குத்தான். உடல் எடை அதிகமென்றால் பலன் குறையும். மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மூக்கு வழியாகக் கேமரா விட்டுத் தொண்டை எப்படி மூடுகிறது என்று பார்ப்பார்கள். அண்ணத்தின் பின்புறம் நாலாபுறமும் சுருக்குப்பை போல இறுகினால், வழக்கமாக வைக்கப்படும் கருவி பயன்படாது.

உங்கள் கணவருக்குப் பரிசோதனையில் மணிக்கு 42 தடவை. 30 தாண்டினாலே கடுமையானது. அவரோ சிபாப் மாஸ்க்கை நான்கே இரவு போட்டுவிட்டு அலமாரி மேல் வைத்துவிட்டார். இதை ஒத்துவரவில்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூக்குத்தண்டில் சிவப்புத் தழும்பு, காலையில் வாய் வறட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். முதலாவதற்கு மாஸ்க்கின் அளவோ பட்டியின் இறுக்கமோ காரணமாக இருக்கும். இரண்டாவது, வாயைத் திறந்து தூங்குவதால். வேறு மாஸ்க்கும் காற்றை ஈரமாக்கும் அமைப்பும் இருக்கின்றன.

இந்த வாரமே தூக்க மருத்துவரைப் பாருங்கள். மாஸ்க்கை, சிபாப் கருவியை, மாத்திரை அட்டையை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள், சிக்னலில் நடந்ததை அவர் சொல்ல மாட்டார்.