ஹாம் ரேடியோ என்னும் பொழுதுபோக்கு வானொலியில், 20 மீட்டர் பேண்டில் (14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்) வெளிநாடு பிடிப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மொட்டை மாடியில் டைபோல் (நடுவில் இணைப்பு கொண்ட கம்பி ஆண்டெனா) கட்டி 14 மெகாஹெர்ட்ஸில் 50 வாட்டில் கூப்பிடுகிறேன். இத்தாலிக்காரர் தெளிவாகப் பதில் சொல்கிறார். கோவையில் இருக்கும் நண்பருக்கு மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. செட்டில் கோளாறா? (திருச்சி)

செட்டும் சரி, ஆண்டெனாவும் சரி. இந்த பேண்டின் குணமே அப்படி. தரையை ஒட்டிப் போகும் அலை சில பத்து கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும். மற்றது மேலே போய், சுமார் 250 முதல் 400 கி.மீ. உயரத்தில் இருக்கும் எஃப்2 என்னும் மின்னேற்ற வளிமண்டல அடுக்கில் வளைந்து எங்கோ தொலைவில் இறங்கும். சாய்வாகப் போகும் அலையைத்தான் அந்த அடுக்கு எளிதாகத் திருப்பி அனுப்பும். செங்குத்தாகப் போவது பெரும்பாலான நேரங்களில் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். அதனால் உங்களைச் சுற்றி பல நூறு கிலோமீட்டருக்கு ஒரு ஊமை வளையம். கோவை அதற்குள் மாட்டிக்கொண்டது. நண்பரை 40 மீட்டருக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்குக் காலையில் வரச் சொல்லுங்கள், பக்கத்து வீடு மாதிரி கேட்கும்.

கேள்வி: 100 வாட் போதவில்லை. ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா, சார்? (சேலம்)

என்னைக் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம். 100 வாட்டை 400 ஆக்கினால் கிடைப்பது 6 டெசிபல். எதிர்முனையில் இருப்பவரின் மீட்டரில் அது ஒரே ஒரு எஸ் புள்ளி, அதாவது சிக்னல் வலிமை அளவில் ஒரு படி. அந்தக் காசில் கம்பத்தை உயர்த்துங்கள். 20 மீட்டர் டைபோலுக்கு மொத்தம் சுமார் 10 மீட்டர் கம்பி வேண்டும், ஒரு பக்கத்துக்கு 5 மீட்டர். கொஞ்சம் கூடுதலாக வெட்டி, எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) பார்த்துப் பார்த்துக் குறையுங்கள். தரையிலிருந்து அதே 10 மீட்டர் உயரத்தில் கட்டினால் சக்தியின் பெரும்பங்கு 30 பாகை சாய்வில் வெளியேறும். தாழ்வாகக் கட்டினால் பாதி வானத்துக்கே போய்விடும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது? டைபோல் வீசுவது கம்பிக்குக் குறுக்கே. அதன் முனைகள் நோக்கும் திசையில் சிக்னல் மெலியும். தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பா வடமேற்கில். வடகிழக்கு–தென்மேற்காகக் கம்பியை இழுத்தால் ஒரு பக்கம் ஐரோப்பா, மறுபக்கம் ஆஸ்திரேலியா. இந்த மாற்றத்துக்குச் செலவு ஒரு கயிறு.

கேள்வி: ஐரோப்பா மாலையில் தவறாமல் வருகிறது. அமெரிக்கா மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்? (சென்னை)

தூரம் மட்டும் காரணமில்லை, வழியும்தான். தட்டையான வரைபடத்தைப் பார்த்தால் நியூயார்க் மேற்கே இருப்பதுபோல் தோன்றும். உருண்டையில் நூல் வைத்துப் பாருங்கள்: சென்னையிலிருந்து கிட்டத்தட்ட வடக்கு, கொஞ்சம் மேற்கே சாய்ந்து, 13,500 கி.மீ. அந்தப் பாதை ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிப் போய்த்தான் இறங்குகிறது. கலிஃபோர்னியாவுக்கும் இதே கதை, அங்கே கொஞ்சம் கிழக்கே சாய்வு. துருவ ஒளி தெரியும் வட்டாரத்தைக் கடக்கும் சிக்னலை, சூரியனிலிருந்து கிளம்பும் காந்தப் புயல் முதலில் அடிக்கும். 2024 மே மாதப் புயல் மாதிரி பெரியது வந்தால் அந்தப் பாதை செத்துவிடும். ஆகவே காந்தக் கொந்தளிப்பை 0 முதல் 9 வரை அளக்கும் கே எண்ணைப் பாருங்கள். 2 அல்லது அதற்குக் கீழே பல மணி நேரம் அடங்கி இருந்தால் முயலலாம். 5 வந்தால் வடக்கை விட்டுவிட்டு ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம் திரும்புங்கள்.

நேரம் என்று பார்த்தால் சூரியன் உதிப்பதை ஒட்டி உட்காருங்கள். நமக்கு விடியும்போது அவர்களுக்கு மாலை. இரு முனையும் வெளிச்ச விளிம்பை ஒட்டி இருக்கும். சில நாள் சிக்னல் எதிர்ப்பக்கமாக, தெற்கே உலகைச் சுற்றி 26,500 கி.மீ. வந்து சேரும். பீம் ஆண்டெனா (ஒரே திசையில் வீசுவது) இருந்தால் 180 பாகை திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். சூரியக் கரும்புள்ளிகளின் 11 ஆண்டுச் சுழற்சியில் உச்சக்கட்டம் வந்துவிட்டதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். இனி மெல்ல இறங்குமுகம்தான், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: சிக்யூ (‘யாராவது பேச வாருங்கள்’ என்னும் பொது அழைப்பு) கூப்பிட்டு யாரும் வரவில்லை என்றால் பேண்ட் மூடியிருக்கிறதா, ஆளில்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (யாழ்ப்பாணம்)

14.100 மெகாஹெர்ட்ஸில் மோர்ஸுக்கு வைத்துக் கேளுங்கள். உலகெங்கும் 18 பீக்கன்கள் (தானாகச் சிக்னல் அனுப்பும் நிலையங்கள்) முறைவைத்து, ஆளுக்கு 10 விநாடி அனுப்பும் திட்டம் அது. 3 நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். நிலையத்தின் அடையாளக் குறியான கால்சைனுக்குப் பிறகு நான்கு நீள ஒலிகள் வரும். முதலாவது 100 வாட், அப்புறம் 10, அப்புறம் 1, கடைசியில் 0.1 வாட். மூன்றாவதும் காதில் விழுந்தால் அந்தத் திசை திறந்து கிடக்கிறது, ஆளில்லை என்பதுதான் பிரச்சினை. பட்டியலில் உங்கள் நாட்டு 4எஸ்7பி-யும் உண்டு, கொழும்பில். ஆனால் அது உங்களுக்குக் கேட்காமல் போகலாம். காரணத்துக்குத் திருச்சி வாசகருக்கு எழுதியதைப் பாருங்கள்.

கேள்வி: சாயங்காலம் ஆனால் ஒரே இரைச்சல். வானிலையா? (மதுரை)

வீடாகத்தான் இருக்கும். செட்டை பேட்டரியில் ஓட்டி, மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் அடங்கினால் எல்இடி பல்ப், சார்ஜர், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் குற்றவாளியைப் பிடிக்கலாம். அடங்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச வேண்டியிருக்கும், அது ரேடியோவைவிடக் கடினம்.

கேள்வி: கணினி வழியாகக் குறுஞ்செய்தி பரிமாறும் எஃப்டி8 எல்லாம் உண்மையான ஹாம் ரேடியோவா? (நாகர்கோவில்)

உண்மைதான். 2017-இல் அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜோ டெய்லர் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். நம் காதுக்கு எட்டாத சிக்னலையும் அது படித்துவிடும். சிறிய ஆண்டெனா வைத்திருப்பவருக்கு வரப்பிரசாதம். பேச்சின் சுகம் அதில் இல்லை என்பதால் நான் அதிகம் போவதில்லை, அவ்வளவுதான். 14.074-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு அனுப்புதலும் 15 விநாடிக் கட்டத்துக்குள் அமைய வேண்டும் என்பதால் கணினியின் கடிகாரத்தை முதலில் சரிசெய்யுங்கள். இரண்டு மூன்று விநாடி பிசகினாலும் திரை வெறுமையாகவே இருக்கும்.