அழித்த பாட் திரும்ப வருவது ஏன்? குபர்நெட்டிஸ் கேள்வி பதில்

கேள்வி: டாக்கரில் கன்டெய்னர் (ஒரு ப்ரோகிராமும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய பொட்டலம்) ஓட்டத் தெரியும். அப்புறம் குபர்நெட்டிஸ் எதற்கு?

பதில்: ஒரே மெஷினில் நாலைந்து கன்டெய்னர் ஓட்டுகிறீர்கள் என்றால் தேவையே இல்லை. மெஷின்கள் பலவாகும்போதுதான் தலைவலி. எதை எங்கே ஓட்டுவது, ஒரு மெஷின் படுத்தால் அதில் இருந்தவற்றை வேறிடத்தில் யார் எழுப்புவது? கூகுள் தன் உள்வேலைகளுக்கு இதையெல்லாம் போர்க் என்ற அமைப்பை வைத்துச் செய்துவந்தது. அந்த அனுபவத்தில் 2014-இல் வெளியிட்டதுதான் குபர்நெட்டிஸ்.

கேள்வி: ஒரு பாடை (குபர்நெட்டிஸில் கன்டெய்னரைச் சுமக்கும் மிகச் சிறிய அலகு) அழித்தால் சில நொடியில் இன்னொன்று வந்து நிற்கிறது. வைரஸா?

பதில்: சிரிக்காமல் பதில் சொல்கிறேன். டிப்ளாய்மென்ட்டில், அதாவது எந்தப் பாட் எத்தனை ஓட வேண்டும் என்று நீங்கள் தரும் குறிப்பில், "மூன்று பிரதி" என்று எழுதியிருப்பீர்கள். அது எட்சிடியில், அதாவது குபர்நெட்டிஸின் தரவுத்தளத்தில், பதிவாகிவிட்டது. எழுதியிருப்பது எத்தனை, நிஜத்தில் இருப்பது எத்தனை என்று கன்ட்ரோலர் என்ற பகுதி ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாகக் குறைந்தால் ஒன்றை உருவாக்கும். குறைந்தது உங்கள் கையாலா, மெஷின் கோளாறாலா என்றெல்லாம் பார்க்காது. நிறுத்த வேண்டுமானால் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள். இந்த ஒன்று பிடிபட்டால் பாதி குபர்நெட்டிஸ் புரிந்த மாதிரி.

கேள்வி: புதுப் பாடுக்கு ஐபி மாறிவிடுகிறதே?

பதில்: மாறட்டும். முன்னால் ஒரு சர்வீஸ் வையுங்கள். அதன் முகவரி மாறாது; பாடுகளில் ஒட்டியிருக்கும் லேபிளைப் (பெயர்ச்சீட்டு) பார்த்து அவற்றைக் கண்டுகொள்ளும்.

கேள்வி: நோடில், அதாவது பாடுகள் ஓடும் மெஷினில், மெமரி காலியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாட் பெண்டிங்கில் (காத்திருப்பில்) நிற்கிறது.

பதில்: எந்தப் பாட் எந்த நோடில் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர் பார்ப்பது ரெக்வெஸ்ட்டை, அதாவது பாட் தனக்கென்று கேட்டு வைத்த அளவை. 8 ஜிபி நோடில் 2 ஜிபி கேட்ட பாடுகள் மூன்று இருந்தால், அவை ஆளுக்கு 200 எம்பிதான் தின்றாலும் 6 ஜிபி போனதாகவே கணக்கு. சிஸ்டத்துக்கு ஒதுக்கியதும் போக, நாலாவதுக்கு இடம் இருக்காது. லிமிட் கதை வேறு; அது தாண்டக் கூடாத உச்ச அளவு. மெமரி லிமிட்டைத் தாண்டினால் கர்னல் ப்ராசஸைக் கொன்றுவிடும். எக்ஸிட் கோடு 137 வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்: 128, கூட கொல்லும் சிக்னலின் எண் 9. சிபியு லிமிட்டுக்குக் கொலை கிடையாது, வேகம்தான் குறையும்.

கேள்வி: பாட் நலமா என்று குபர்நெட்டிஸ் பார்க்கும் லைவ்னஸ், ரெடினஸ் இரண்டிலும் ஒரே சோதனையைப் போடலாமா?

பதில்: நான் போட்டுப் பட்டவன். ரெடினஸ் தவறினால் அந்தப் பாடுக்கு ட்ராஃபிக் நிற்கும், அவ்வளவுதான். லைவ்னஸ் தவறினால் கன்டெய்னரே ரீஸ்டார்ட். நான் லைவ்னஸ் சோதனையில் டேட்டாபேஸையும் தொட்டுப் பார்க்க வைத்திருந்தேன். ஒரு ராத்திரி டேட்டாபேஸ் கொஞ்சம் மெதுவானது. ஒரு நொடிக்குள் பதில் இல்லை. மூன்று தடவை தவறியதும் எல்லாப் பாடும் கூட்டாக ரீஸ்டார்ட். எழுந்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் புது கனெக்‌ஷன் கேட்டு, திணறிக்கொண்டிருந்த டேட்டாபேஸை மொத்தமாகச் சாய்த்தன. லைவ்னஸில் அந்த ப்ராசஸ் உயிரோடிருக்கிறதா என்பதை மட்டும் கேளுங்கள்.

கேள்வி: பாட் நிலையில் கிராஷ்லூப்பேக்ஆஃப் என்று காட்டுகிறதே, அது என்ன பிழை?

பதில்: பிழை பெரும்பாலும் உங்கள் ப்ரோகிராமில் அல்லது அதன் அமைப்பில். அது விழுந்துகொண்டே இருப்பதால் நோடில் கன்டெய்னர்களை ஓட்டும் கியூப்லெட், மறுபடி எழுப்பும் இடைவெளியை 10, 20, 40 நொடி என்று கூட்டிக்கொண்டு போகிறது. வழக்கமான உச்சவரம்பு 5 நிமிடம். முந்தைய கன்டெய்னரின் லாக்கைப் பாருங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும்.

கேள்வி: எட்சிடிக்கு நாலு மெஷின் வைத்தால் மூன்றைவிடப் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. எட்சிடி இயங்க மெஷின்களில் பெரும்பான்மை உயிரோடு இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு போதும், நாலில் மூன்று தேவை. இரண்டுமே ஒரே ஒரு மெஷின் போவதைத்தான் தாங்கும். மூன்று வையுங்கள், இல்லை ஐந்து. அந்த நாலாவதைப் பாடுகளை ஓட்டும் ஒர்க்கர் நோடாகச் சேர்த்துவிடுங்கள்.