இதய சிகிச்சை மென்பொருளில் மருத்துவ அறிவையும் நோயாளித் தரவையும் ஏன் தனித்தனியாக வைக்கிறார்கள்?

மருத்துவ அறிவு என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. நோயாளித் தரவு என்பது ஒருவருடைய ஈசிஜி, ரத்த அழுத்தம், அவர் சாப்பிடும் மாத்திரைகள்.

ஈசிஜியில் க்யூடி இடைவெளி என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகள் மின்தூண்டல் பெற்று, அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுக்கும் நேரம் அது. துடிப்பு வேகத்துக்கேற்பச் சரிசெய்த பிறகும் அந்த இடைவெளி 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். இது அறிவு. நேற்று எடுத்த ஈசிஜியில் 510 என்று இருப்பது தரவு. அந்த இடைவெளியை இன்னும் நீட்டக்கூடிய எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை மருத்துவர் எழுதும்போது, இரண்டும் சேர்ந்தால்தான் திரையில் எச்சரிக்கை வரும். ஒரு உயிரைக் காப்பாற்றும் வரி அது!

சரி, ஏன் பிரிக்க வேண்டும்? இரண்டும் மாறும் வேகம் வேறு. தரவு நிமிடத்துக்கு நிமிடம் மாறும், விதி எப்போதாவதுதான். 2017-இல் அமெரிக்க வழிகாட்டுதல் உயர் ரத்த அழுத்தத்தின் எல்லையை 140/90-இலிருந்து 130/80-க்கு இறக்கியது. தனியாக வைத்திருந்தால் அந்த ஒரு விதியை மட்டும் திருத்தினால் போதும், யாருடைய பதிவையும் தொட வேண்டாம்.

போனில் வழி பார்ப்பது போலத்தான். வரைபடம் எல்லோருக்கும் ஒன்று, நீலப் புள்ளி உங்களுடையது. வரைபடம் பழசானாலும் புள்ளி தவறானாலும் வழி தப்பும்.

கணினியே சிகிச்சையை முடிவு செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது நினைவூட்டுகிறது, அவ்வளவுதான், முடிவு மருத்துவருடையது.